கீழ்வீட்டு அப்பா

எங்கள் கட்டடத்து மாடிப்படியில் நின்று ஏதாவது ஒரு பிள்ளை "அப்பா" என்று கூப்பிட்டால் இரண்டு கதவுகள் திறக்கும். ஒன்று மூன்றாம் மாடியில் இருந்த எங்களுடையது. மற்றது அதற்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில் இருந்த யூதக் குடும்பத்தினுடையது. அந்த வீட்டுப் பிள்ளைகளும் தகப்பனை அப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். அவர்களின் எபிரேய மொழியிலும் தகப்பனுக்கு அதுதான் சொல். அவர்களின் வாயில் நடு எழுத்து கொஞ்சம் மெத்தென்று விழும். ஆனால் நாலு மாடிக்கும் எதிரொலிக்கிற கல்லுப் படியில் அந்த வித்தியாசம் யாருக்குக் கேட்கப்போகிறது?

என் அப்பா சூரிச்சில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தார். இரவு வேலை முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர், கீழ்வீட்டுக் கடைக்குட்டி கத்திய கத்தலில் எழும்பி, சாரத்தை ஒரு கையால் பிடித்தபடி வாசலுக்கு வருவார். கீழே அந்த மனிதர் கையில் கரண்டியோடு நிற்பார். இருவரும் கைப்பிடிச் சுவருக்கு மேலாலும் கீழாலும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிவிட்டு உள்ளே போவார்கள். இப்படி ஒரு தகப்பனுக்கு வரவேண்டிய தொல்லை எல்லாம் இரண்டு பேருக்கும் வந்துகொண்டிருந்தது.

அம்மாவுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்கவில்லை. நாங்கள் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். "யேசுவும் தகப்பனை அப்பா எண்டுதானாம் கூப்பிட்டவர், பாதர் பிரசங்கத்திலை சொன்னவர்" என்பார். அந்த ஒரு காரணத்துக்காகவே படியில் கீழ்வீட்டு மனிதரைக் கண்டால் அம்மாவின் தலை தானாகக் கொஞ்சம் குனியும். "அவர் கண்ணாடிக்கடை வைச்சிருக்கிற மனிசன். கும்பிட்டுக் கிம்பிட்டுப் போடாதை" என்று அப்பா பகிடி பண்ணுவார். பெயரைச் சொல்லி அவரைக் குறிப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. எங்கள் வீட்டில் அவர் கீழ்வீட்டு அப்பா. அப்படியே நிலைத்துவிட்டது.

அவர் எங்களோடு பேசியது சுவிஸ் ஜெர்மனில்தான். ஆனால் இத்தனை வருடம் கழித்து நினைத்துப் பார்க்கும்போது அவர் பேச்செல்லாம் எனக்கு யாழ்ப்பாணத் தமிழாகவே கேட்கிறது. அப்படியே எழுதிவிடுகிறேன். அவர் கோபிக்க மாட்டார்.

உயரமானவர். கறுப்புத் தொப்பி, நரைக்கத் தொடங்கிய தாடி. அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை, ஊர் முழுவதும் கடைக்கு வருகிற சனிக்கிழமையில் பூட்டியிருக்கும். அதனால் அவர் பணக்காரர் ஆகவில்லை என்று அப்பா சொல்லுவார். மாலையில் கடையைச் சாத்திவிட்டு வந்தால் பிறகு வெளியே போகமாட்டார். பெண்பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தலை இழுத்துப் பின்னிவிடுவது அவர்தான். கண்ணாடியின் குட்டித் திருகாணிகளை முடுக்கிப் பழகிய விரல்கள் என்பதாலோ என்னவோ, அந்தப் பின்னல் பள்ளிக்கூடம் முடியும்வரை குலையாது. வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம் பிள்ளைகளை வரிசையாக நிற்பாட்டி, ஒவ்வொருவர் தலையிலும் இரண்டு கைகளையும் வைத்து ஏதோ சொல்லுவார். கதவு திறந்திருந்த ஒருநாள் படியில் போனபோது பார்த்தேன். பெரிய பையன் தன் முறை வந்ததும் கூச்சத்தில் நெளிந்தான். அவர் அவசரப்படவே இல்லை.

"கீழ்வீட்டு மனிசனைப் பாருங்கோ, பிள்ளையளுக்குத் தலைகூட இழுத்துவிடுறார்" என்று அம்மா சொல்லிக்காட்டுவார்.

"அவருக்குச் சனிக்கிழமை லீவு. எனக்கு ஆர் தாறது?" என்பார் அப்பா. ஆனால் ஒருநாள் அவரும் முயன்று பார்த்தார். நான் அழுதுவிட்டேன்.

அந்த வீட்டோடு நாங்கள் நெருங்கியதற்குக் காரணம் உடுப்புத் தோய்க்கும் இயந்திரம். சுவிஸ் நாட்டுக் கட்டடங்களில் நிலவறையில் எல்லா வீடுகளுக்கும் பொதுவாக ஓர் இயந்திரம் இருக்கும். எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று முறை வைத்திருப்பார்கள். அடுத்தவர் முறையில் போய் ஒரு காலுறையைத் தோய்ப்பதைவிட வங்கியில் கொள்ளையடிப்பது இங்கே சின்னக் குற்றம். கீழ்வீட்டாருக்கு விழுந்தது சனிக்கிழமை. அது அவர்களின் ஓய்வுநாள். வெள்ளி பொழுதுபட்டதிலிருந்து மறுநாள் பொழுதுபடும்வரை இயந்திரம் தொடமாட்டார்கள், வாகனத்தில் ஏறமாட்டார்கள், பேனை பிடிக்கமாட்டார்கள். எங்களுக்கு விழுந்தது செவ்வாய். அவர் மேலே ஏறி வந்து, செவ்வாயைத் தங்களுக்குத் தந்துவிட்டுச் சனியை எடுக்க முடியுமா என்று கேட்டார். அம்மா உடனே ஓம் என்றார். அதன் பிறகு ஜெர்மனில் வரும் கடிதங்களை அம்மா அவரிடம்தான் கொண்டுபோய் வாசித்துக் கேட்பார். எங்கள் விசாக் காகிதங்கள் அப்போது சரிவராமல் இழுபட்டுக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டு நிலவரம் எங்கள் சொந்தக்காரரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

எனக்கு ஒன்பது வயது. கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. சனிக்கிழமைகளில் மட்டும் அப்பாவுக்கு ஹோட்டலில் காலைச் சாப்பாட்டு வேலை. அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. போகுமுன் அம்மா உடுப்புகளை இயந்திரத்தில் போட்டுவிட்டு, வழக்கமான கட்டளைகளைச் சொன்னார். கதவு திறக்கக்கூடாது. அடுப்புப் பக்கம் போகக்கூடாது. ரிவி பார்க்கலாம். மத்தியானம் வந்து தானே உடுப்பை எடுப்பார். தனியாக இருக்கிறேன் என்று ஒருவருக்கும் சொல்லக்கூடாது, பள்ளிக்கூடத்து ரீச்சருக்கும்தான். ஏன் என்று எனக்குச் சொல்லப்படவில்லை. சின்னப் பிள்ளையைத் தனியே விட்டுப் போகிறார்கள் என்று அலுவலகக்காரர் காதில் விழுந்தால் அது காகிதங்களைப் பாதிக்கும் என்ற பயம் அவர்களுக்கு.

அன்று கீழ்வீட்டில் பெருநாள். மூத்த பையனுக்குப் பதின்மூன்று வயது ஆகியிருந்தது. அந்த வயதில் அவர்கள் பையனைத் தங்கள் தொழுகைக்கூடத்தில் முன்னே நிறுத்தி, வேதத்தில் ஒரு பகுதியை எல்லாருக்கும் கேட்க ராகத்தோடு வாசிக்க வைப்பார்கள். அதோடு அவன் பெரியவன். பார் மிட்ஸ்வா என்று அதற்குப் பெயர். ஒரு வருடமாக ஒவ்வொரு பின்னேரமும் எங்கள் தரையின் ஊடாக அந்தப் பயிற்சி கேட்டது. பையன் இழுத்து இழுத்துப் பாடுவான். தகப்பனின் குரல் இடையில் நிறுத்தும். திரும்பவும் முதலிலிருந்து. அதற்கு முந்தைய வருடம்தான் கோயிலில் முதல் நன்மை வாங்குவதற்காக ஞானோபதேசத்தைப் பாடமாக்கி நான் பட்ட பாடு எனக்கு நினைவிருந்தது. இதுவும் அப்படியொரு பரீட்சை என்று தீர்மானித்தேன். பாவம், அவனுக்குக் கிடைத்த ரீச்சர் வீட்டிலேயே இருக்கிறார் என்று கவலைப்பட்டேன்.

காலையில் அந்த வீட்டார் புது உடுப்புகளோடு, வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் சூழப் படியிறங்கினார்கள். வாசலில் கடைக்குட்டி ஜாம் பூசிய கையால் தகப்பனின் வெள்ளைச் சட்டையைப் பிடித்துவிட்டான். "நீங்கள் நடவுங்கோ, நான் மாத்திக்கொண்டு வாறன்" என்று எல்லாரையும் அனுப்பிவிட்டு அவர் மட்டும் மேலே போனார்.

அதே நேரத்தில் எனக்கு ஒரு நல்ல எண்ணம் தோன்றியிருந்தது. அம்மா களைத்து வருவார், உடுப்பை நானே எடுத்து வைத்தால் சந்தோஷப்படுவார் என்ற எண்ணம். கூடையைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்குப் போனேன். ஈர உடுப்பின் பாரம் நான் கணக்கில் எடுக்காத ஒன்று. நிரம்பிய கூடையோடு திரும்ப ஏறும்போது படியில் கால் தவறி, கூடையும் நானும் தலைகீழாக அடிமட்டம்வரை போனோம். கண் விழித்தபோது இரத்தம் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நான் "அப்பா" என்று கத்தினேன்.

புதுச் சட்டையோடு இறங்கிக்கொண்டிருந்த அவருக்கு அது கேட்டது. தன் கடைக்குட்டிதான் திரும்பி வந்து நிலவறையில் விழுந்துவிட்டான் என்று நினைத்து ஓடிவந்ததாக அம்மாவிடம் பிறகு சொன்னாராம். கீழே கண்டது என்னையும் எங்கள் வீட்டுப் படுக்கை விரிப்புகளையும்.

அவர் வருவதற்குள் ஒரு தடவையும் வந்த பிறகு ஒரு தடவையும் வாந்தி எடுத்தேன். அவர் மேலே ஓடி, ஓய்வுநாளில் தொடாத தொலைபேசியைத் தொட்டு அம்புலன்ஸைக் கூப்பிட்டார். உயிருக்கு ஆபத்து என்றால் ஓய்வுநாளை மீறலாம் என்பது அவர்கள் சட்டமாம். அம்புலன்ஸ்காரர் யார் கூட வருவது என்று கேட்டபோது நான் அவருடைய கோட்டின் விளிம்பைப் பிடித்திருந்தேன். விடவில்லை. அவர் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் ஒரு தாதி ஊசியோடு வந்தாள். பெற்றோர் மட்டும்தான் உள்ளே நிற்கலாம் என்றாள். அவரைப் பார்த்து, "நீங்கள்தான் தகப்பனோ?" என்று கேட்டாள்.

ஊசியைக் கண்ட பயத்தில் நான் திரும்பவும் "அப்பா" என்று அலறினேன். நான் கூப்பிட்டது ஹோட்டலில் முட்டை பொரித்துக்கொண்டிருந்த என் அப்பாவைத்தான். அவர் என்னைப் பார்த்தார். பிறகு தாதியைப் பார்த்தார்.

"கேட்குதுதானே" என்றார்.

பொய் சொல்லுகிற மனிதர் அல்ல அவர். இப்போதும் அவர் பொய் சொல்லவில்லை. தாதி என் கறுப்பு முகத்தையும் அவருடைய தாடியையும் தொப்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்த நாட்டில் ஒரு குடும்பத்தைப் பற்றி அதற்கு மேல் கேட்பது மரியாதை இல்லை. அவள் எழுதிக்கொண்டாள். வீட்டில் பிள்ளையோடு யார் இருந்தது என்ற கேள்வி வரவே இல்லை. தகப்பன்தான் பக்கத்தில் நிற்கிறாரே.

ஆனால் தகப்பன் என்றால் எழும்பிப் போகவும் முடியாது. மண்டை உடைந்த பிள்ளையைக் கட்டிலில் விட்டுவிட்டு, எனக்குக் கோயிலில் அலுவல் இருக்கிறது என்று எந்தத் தகப்பன் போவான்? உண்மையைச் சொன்னால் போகலாம். சொன்னால் அடுத்த கேள்வி என் அம்மாவைப் பற்றி வரும். அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தொப்பிக்குக் கீழே இன்னொரு சின்னத் தொப்பி இருந்தது எனக்கு அந்த நிலையிலும் வேடிக்கையாக இருந்தது.

தையல் போட்டார்கள். ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டார்கள். "தாய் வந்து வைப்பா" என்றார். தாதிக்கு எரிச்சல். ஓய்வுநாளில் எழுதமாட்டார் என்பது எனக்குத் தோன்றவில்லை. கண்ணாடி விற்கிறவருக்கு எழுதத் தெரியாது போலும் என்று இரக்கப்பட்டேன். அம்மா வேலை செய்கிற இல்லத்தின் பெயரை என்னிடம் மெதுவாகக் கேட்டுத் தாதியிடம் சொன்னது அவர்தான். அங்கிருந்து செய்தி அம்மாவின் காதுக்குப் போய் அவர் பஸ் பிடித்து வரவேண்டும்.

சுவரில் ஒரு மணிக்கூடு இருந்தது. அவர் அதைப் பார்ப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்குப் போகவேணுமோ?" என்று கேட்டேன்.

"நான் போகவேணும் எண்டு நீ சொல்லுறியோ?"

"இல்லை."

"அப்ப போகேல்லை" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். "இண்டைக்கு என்ரை மூத்தவன் வாசிக்கிறான்."

"பரீட்சையோ?"

"அப்பிடித்தான் ஒண்டு. நல்லா வாசிப்பான். ஒரு இடத்திலை மட்டும் அவனுக்குப் பிழைக்கும்."

பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. தரையின் ஊடாகக் கேட்டுக் கேட்டு எனக்கும் பாடமாகியிருந்த அதே ராகம். ஓரிடத்தில் அவருடைய விரல் தொப்பியின் விளிம்பில் மெல்லத் தட்டியது. என் தலையில் போட்ட தையலுக்காகத்தான் ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நான் நல்ல பிள்ளையாக அசையாமல் கிடந்தேன்.

அம்மா வேலை இடத்து ஏப்ரனோடு ஓடிவந்தபோது மத்தியானத்துக்குக் கிட்ட ஆகிவிட்டது. என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு அவர் பக்கம் திரும்பி, நன்றி ஐயா, நன்றி ஐயா என்று ஜெர்மனில் சொன்னார். புருஷனை ஐயா என்று கூப்பிடுகிற பெண்ணைத் தாதி அதுவரை கண்டிருக்க மாட்டாள். அம்மா கையெழுத்து வைத்தார். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, என் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டு வெளியே போனார். கட்டிலிலிருந்து ஜன்னலால் தெருவைப் பார்த்தேன். தொப்பியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கோட்டு பறக்க, ட்ராம் பாதை ஓரமாக ஓடினார். இரண்டு ட்ராம் அவரைத் தாண்டிப் போயின.

மிச்சத்தை மூத்தவனே எனக்குச் சொன்னான். சென்ற மாசி மாதம் கீழ்வீட்டு அப்பா இறந்துபோனார். நான் இப்போது வின்டர்தூரில் இருக்கிறேன். அம்மா ரெலிபோன் பண்ணிச் சொல்ல, மூன்று பேருமாகத் துக்கம் விசாரிக்கப் போனோம். அப்பா பூ வாங்க வெளிக்கிட்டார், அவர்கள் வழக்கத்தில் பூ இல்லை என்று நான் தடுத்தேன். செத்தவீட்டுக்கு வெறும் கையோடு போவது அப்பாவுக்குக் கடைசிவரை சரியாகப் படவில்லை. மூத்தவன் தகப்பனைப் போலவே தாடி வளர்ந்து, அவர்களின் துக்க வழக்கப்படி தாழ்ந்த கதிரையில் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் அந்தச் சனிக்கிழமையைப் பற்றித்தான் பேசினான்.

"அண்டைக்கு எல்லாரும் அப்பாவுக்காகக் கனநேரம் காத்திருந்தவை. அவருக்கு என்ன நடந்தது எண்டு தெரியாது, அம்மா வெளிறிப்போய் நிண்டா. அதுக்கு மேலை ஏலாது எண்டு நான் வாசிச்சன். அந்த இடம் பிழைக்கேல்லை. அப்பா வந்து சேர எல்லாரும் கோட்டுப் போட்டுக்கொண்டு நிக்கினம்."

வாசிப்பு முடிந்ததும் தகப்பன் எழும்பிச் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வரி இருக்கிறதாம். இந்தப் பிள்ளையின் பொறுப்பிலிருந்து என்னை விடுவித்த ஆண்டவருக்கு நன்றி என்ற மாதிரி வருமாம். அதற்கு என்று இருக்கிற நேரத்தில் அவர் என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"பிறகும் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லேல்லை" என்றான் மூத்தவன். "எனக்குக் கலியாணமாகி ரெண்டு பிள்ளை பிறந்த பிறகும், நான் இன்னும் அந்த வரி சொல்லேல்லை, நீ என்ரை பொறுப்புத்தான் எண்டு பகிடி விடுவார். போன மாதமும் சொன்னவர்."

என் அப்பா, வழக்கம் தெரியாமல், எழும்பிப் போய் அவனுடைய தலையில் கை வைத்தார். அவன் தலையைக் குனிந்து கொடுத்தான்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை பின்னேரம் நான் கேட்டதை அவனிடம் சொல்லவில்லை. பொழுதுபடும் நேரம் என்னை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தலையில் பெரிய கட்டு. அப்பா ஹோட்டலிலிருந்து கேக் கொண்டுவந்திருந்தார். இருட்டிக்கொண்டு வந்தபோது கீழே அந்த ராகம் தொடங்கியது. பையன் முதலிலிருந்து கடைசிவரை வாசித்தான். ஒருவரும் நிறுத்தவில்லை. விருந்தாளிகள் அவ்வளவு பேர் இருந்த வீட்டில் வேறு சத்தமே கேட்கவில்லை.

"அம்மா, அவன் பெயிலாப் போட்டான் போல. திரும்பவும் வாசிக்க வைக்கினம்" என்றேன்.

"தலையை ஆட்டாமல் படு" என்றார் அம்மா.

மறுநாள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பூசைக்குப் போக இறங்கியபோது, இரண்டாம் மாடி வாசலில் அவன் நின்றான். பரீட்சையில் தோற்றவனைப் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போவது சரியில்லை என்று எனக்குப் பட்டது. நின்று, எனக்குத் தெரிந்த அளவு அன்பாக, "கவலைப்படாதை, அடுத்த முறை சரியா வரும்" என்றேன்.

அவன் என் தலைக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். பதின்மூன்று வயது அவனுக்கு. என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

"நோகுதோ?" என்று கேட்டான்.

"இல்லை" என்றேன்.